பாத்துச் செய்யுங்கோ

விற்கிற வீட்டை பொழுதுபடுகிற மம்மல் நேரத்தில்தான் படம் எடுக்கவேண்டும். உள்ளே விளக்கெரிய, வெளியே வானம் நீலமாய் நிற்கிற அந்தப் பத்து நிமிடத்தில் எந்தச் சுவரின் வெடிப்பும் தெரியாது. இது லெஸ்லி அனுபவத்தில் கண்டது. பாரிஸில் பன்னிரண்டு வருடம் கோப்பை கழுவி, விசா கிடைக்காமல் திருகோணமலைக்கே திரும்பியவனிடம் மிஞ்சியது ஒரு கமராவும் கொஞ்சம் பிரெஞ்சும்தான். அங்கே பிறந்து தமிழ் தெரியாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு, இங்கேயுள்ள அவர்களுடைய வீடுகளைப் படம் எடுத்து, பிரெஞ்சில் நாலு வரி எழுதி அனுப்புவான். பிழைப்பு ஓடியது.

அன்புவழிபுரத்து வீட்டில் ஞானமணி காலையிலேயே முற்றம் கூட்டி, யன்னல் துடைத்து, இப்போது குசினி வரை எல்லா விளக்கையும் போட்டு வைத்திருந்தாள். வெருகலில் இருந்து இடம்பெயர்ந்து வந்தவளை வீட்டின் சொந்தக்காரர் காவலுக்கு இருத்திப் பதினெட்டு வருடம். அவர் போன மாதம் பாரிஸில் கண்ணை மூடிவிட்டார். இனி அங்கேயே பிறந்த அவருடைய மகன் றெக்சன் வைத்ததுதான் சட்டம். வீட்டை இவ்வளவு வடிவாய் வைத்திருப்பதைக் கண்டால் அந்தப் பிள்ளை விற்கிற எண்ணத்தை விட்டுவிடும் என்று அவள் நம்பினாள். வடிவான வீடு கெதியாய் விலைபோகும் என்று சொல்ல லெஸ்லிக்கு வாய் வரவில்லை.

“தம்பி, என்ட கதையையும் அந்தப் பிள்ளைக்கு ஒருக்கா எழுதிவிடுங்கோ.”

“என்னெண்டு எழுத அக்கா?”

அவள் கையைச் சட்டையில் துடைத்தாள். “வேற என்ன... பாத்துச் செய்யச் சொல்லுங்கோ.”

கந்தோரிலும் சந்தையிலும் எல்லோரும் சொல்கிற சொல்தான். லெஸ்லி மதிலோரம் நின்று தொலைபேசியில் தட்டினான். பிரெஞ்சில் அது ‘உங்கள் விருப்பப்படி செய்யுங்கள்’ என்று வந்தது. ஐயோ, அழித்தான். ‘யோசித்து முடிவெடுங்கள்’ என்றால் வெருட்டுவது போலிருந்தது. கடைசியில் அவள் சொல்லாததையெல்லாம் எழுதினான்: பதினெட்டு வருடம் இங்கே இருக்கிறார், போக இடமில்லை, இரக்கம் காட்டுங்கள். அவள் வாய்திறந்து கேட்காத பிச்சையை அவள் பெயரில் கேட்டது அவனுக்குக் கூசியது. படங்களோடு அனுப்பிவிட்டுக் கமராவை மூடினான்.

பதில் உடனேயே வந்தது. ‘படங்கள் அருமை! வீட்டை இவ்வளவு நன்றாக வைத்திருந்ததற்கு அந்த அம்மாவுக்கு நன்றி. அவருடைய நிலைமைக்கு வருந்துகிறேன். வாங்குபவர்கள் வெள்ளிக்கிழமை மாலை பார்க்க வருகிறார்கள். அன்றைக்கும் இதேபோல் விளக்கெல்லாம் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.’

“என்னவாம் தம்பி?”

“வீடு... நல்ல வடிவாம் அக்கா. லைற்றெல்லாம் போட்டிருக்கிறது நல்லாப் பிடிச்சிருக்காம்.”

“நான் சொன்னனான்தானே!” அவள் முகம் மலர்ந்துவிட்டது. “அட, கேற் லைற்றைப் போட மறந்திட்டன். நில்லுங்கோ, இன்னொரு படம் எடுங்கோ.”

உள்ளே ஓடினாள். லெஸ்லியின் தலைக்கு மேலே மதில் வாசல் விளக்கு இரண்டு தரம் மினுங்கிவிட்டு, பிடித்துக்கொண்டது.