ஸ்பெயின் ராசாவுக்கு ஒரு மனு

சுவிஸின் வில் நகரத் தமிழர் விழா நாடகத்தில் கனகரத்தினம் நாடு கடத்தப்பட்ட பழைய புரட்சிக்காரனாக நடித்தார். ஊர் திரும்ப ஸ்பெயின் ராசாவிடம் மன்னிப்புக் கேட்கும் கட்டம். ராசா அவருடைய சிநேகிதர் குகநாதன். தலையில் தங்கத்தாள் கிரீடம்.

மண்டியிட்டதும், ஒரு மாதமாய்ப் பாடமாக்கிய பாழாய்ப்போன வசனம் பறந்துபோனது. முப்பத்தைந்து வருசத்துக்கு முந்தி அகதி விசாரணையில் சொன்னதுதான் வாயில் வந்தது.

"ஐயா, என்னைத் திருப்பி அனுப்பிப்போடாதேங்கோ! உயிருக்கு ஆபத்து!"

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. கனகரத்தினத்துக்கு வேர்த்துக் கொட்டியது. ராசா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து அவரைத் தூக்கி நிறுத்தினார்.

"எழும்பும் காணும். முடிவு கடிதத்தில வருமெண்டு விசாரணையில எனக்கும் சொன்னவங்கள். ஒன்பது வருசம் தபால்பெட்டியைப் பார்த்தனான். உமக்கு இப்பவே சொல்லுறன்: நீர் இஞ்சையே இரும்!"