வாயால் ஊதக் கூடாது

ஷாமினிக்கு வாய் கொஞ்சம் நீளம். சுங்கை சிப்புட்டில் பஸ் ஏறி ஈப்போ ஆஸ்பத்திரி வந்து சேர்வதற்குள் பஸ்ஸில் பாதிப் பேருக்குச் செய்தி தெரிந்துவிட்டது. நாலரை வயது மகள் தர்வினாவுக்கு இன்று நுரையீரல் சோதனை. மூச்சு சீராக இருப்பதாக டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த வாரம் பாலர் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் சேர்த்துக்கொள்வார்கள். மூன்று மாதமாக ஒரு வேளை தவறாமல் பிள்ளைக்கு ஆஸ்துமா பம்ப் அடித்துவிட்டவள் பெருமையடித்துக்கொள்ளாமல் என்ன செய்வாள்?

சோதனை செய்யும் இஃபத், குழாயைப் பிள்ளையின் வாயில் வைத்தாள். திரையில் ஐந்து மெழுகுவத்திகள் எரிந்தன.

“பெரிய மூச்சா இழுத்து எல்லாத்தையும் ஊதி அணைச்சிரு, பாப்போம்!”

தர்வினா இழுத்தாள். அப்படியே அடக்கிக்கொண்டாள். இரண்டாம் முறையும் அதே கதைதான்.

“வீட்டுல புயல் மாதிரி ஊதுவா லா. இங்க வந்து என் மானத்த வாங்குறா,” என்றாள் ஷாமினி.

“சின்னப் புள்ளைங்களுக்கு இது கஷ்டம்தான்க்கா. இன்னிக்கு வரலைன்னா அடுத்த தேதி ஆறு மாசம் ஆவும்.”

ஆறு மாதமா! ஷாமினி மகள் பக்கம் குனிந்தாள். “ஏன்டி ஊத மாட்டேங்குற?”

பிள்ளை வாயிலிருந்து குழாயை எடுத்தாள். “வெளக்க வாயால ஊதி அணைக்கக் கூடாது. நீதான சொன்ன? சாமி கோவிச்சுக்கும்.”

அடி ஆத்தாடி! தினமும் பூவால் விளக்கை மலையேற்றும்போது சொன்னதாயிற்றே அது. பிறந்தநாளுக்குக்கூட அந்த வீட்டில் மெழுகுவத்தி கிடையாது. சொன்ன சொல் தட்டாத பிள்ளையைத் திட்டுவதா, தூக்கிக் கொஞ்சுவதா?

“வேற படம் இல்லையா?”

“இந்த மெஷின்ல இது ஒண்ணுதான்க்கா.”

ஷாமினி திரையை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னாள். மகளுக்கு எதிரே போய் நின்றாள். “வெளக்க விடு. என்னை ஊதித் தள்ளு. நான் செவுத்துல முட்டுற வரைக்கும் நிறுத்தாத!”

தர்வினா ஊதினாள். ஷாமினி தடுமாறினாள், கைகளை வீசிக்கொண்டு பின்னாலேயே போனாள். தொழிற்சாலையில் நாற்பது பேரை மேய்க்கும் சூப்பர்வைசர்! வாசலில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே.

“இன்னும் ஊது! நான் நிக்கிறேன் பாரு!”

கடைசி மூச்சு வரை பிள்ளை விடவில்லை. ஷாமினி சுவரில் மோதித் தரையில் உட்கார்ந்தாள். இப்படியே மூன்று முறை விழுந்தாள்.

“மூணும் அழகா வந்திருக்குக்கா!” என்று இஃபத் கை தட்டினாள். மருந்து நன்றாக வேலை செய்கிறது, பிள்ளை ஓடட்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவளைப் பார்த்து ஒரு பெண் பதறினாள். “அடி பட்டிருச்சா அக்கா?”

“படட்டுமே! நெஞ்சுல வலு இல்லன்னு எல்லாரும் சொன்ன புள்ள தள்ளுன தள்ளு லா இது!”