பிள்ளையின் சம்மதம்

"அவர் செஞ்சது கடத்தல் இல்லக்கா," என்றாள் வக்கீல். "அப்பா தன் மகளைக் கூட்டிட்டுப் போயிருக்கார். சட்டப்படி காப்பாளர் அவர்தான்."

தங்கை இறந்ததும் கைக்குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுப் போனவன், ஒன்பது வருடம் கழித்துப் பள்ளிக்கூட வாசலில் வந்து அவளை அழைத்துப் போய்விட்டான். நம்ம பிள்ளைக்கு எதற்குக் கோர்ட்டு உத்தரவு என்று நான் மனுவே போட்டதில்லை.

"நான் போய்க் கூட்டிட்டு வந்தா?"

"அதுதான் கடத்தல். மைனர் பிள்ளையை, காப்பாளர் சம்மதம் இல்லாம, அவர் பொறுப்புலேர்ந்து கொண்டு போறது."

"அவளே வரேன்னு சொன்னா?"

"பிள்ளையோட சம்மதம் கணக்குல வராது. வா வான்னு ஆசை காட்டினாலே குற்றம். கேஸ் ஆயிட்டா பிள்ளையைக் கேட்டு மனு போட்டாலும் எடுபடாது."

"சம்மதம் கேக்கணும்னா ஒன்பது வருஷமும் அந்த மகராசனை எங்க போய்த் தேடியிருப்பேன்?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. இப்போது மனு போட்டாலும் விசாரணைக்கு வரவே ஒரு வருடம் ஆகலாம் என்றாள்.

மறுநாள் மாலை அவன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு போனிலிருந்து குழந்தை பேசினாள்.

"பெரியம்மா, பையை எடுத்துட்டு வாசல் கேட் பக்கத்துல நிக்கிறேன். ஆட்டோவுல வா."

"உள்ள போம்மா. அப்பா தேடுவாரு."

"அவருக்கு நான் எத்தனாவது படிக்கிறேன்னே தெரியல. நீ வரமாட்டியா?"

வா என்ற சொல் வாய் வரை வந்தது. அவன் அவளைப் பள்ளி வாசலிலிருந்துதான் கொண்டு போனான். அவன் வீட்டுக்குள் அனுப்புவது நான்தான் என்று தோன்றியது.

"உள்ள போ," என்றேன் மறுபடியும்.