மூன்றாம் நாள் புகார்

எங்கள் ஊர் இத்தாலியில் கிரெமோனா. என் கணவன் துலியோ அங்கே ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் முப்பத்திரண்டு வருடம் சேதம் பார்க்கும் வேலை செய்தான். எரிந்த கடை, நனைந்த கிடங்கு, நொறுங்கிய கார், எதுவானாலும் இவன் போய்க் குனிந்து பார்ப்பான், மோந்து பார்ப்பான். இது தானாக நடந்ததா, யாராவது நடத்தியதா என்று எழுதிக் கொடுப்பான். பொய்ப் புகாரைப் பிடிப்பதில் பேர் வாங்கினவன். ஓய்வு பெற்றதும் அவனுக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. வசந்தத்தில் ஒரு தடவை, இலை உதிரும்போது ஒரு தடவை, ஏதாவது ஒரு பழைய நகரத்துக்குப் போய் நான்கு நாள் தங்கலாம் என்றான். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தெட்டு வருடம் நின்ற கால்கள் என்னுடையவை. ஊர் சுற்ற எனக்கென்ன கசக்குமா? சந்தோஷமாகத்தான் கிளம்பினேன்.

முதலில் ரவென்னா. மூன்றாம் நாள் காலை கண் விழித்தபோது கன்னத்தில் ஏதோ குத்தியது. தடவிப் பார்த்தால் கால் நகம். தலையணை உறைக்குள் இன்னும் நாலைந்து கிடந்தன, மஞ்சளாக, பிறை பிறையாக. அன்று முழுவதும் தங்க ஓவியங்கள் பதித்த கூரைக்குக் கீழே நின்றுகொண்டு நான் கன்னத்தைச் சொறிந்துகொண்டிருந்தேன். அடுத்தது ஒர்வியேத்தோ. அங்கே குளியல் தொட்டியின் வடிகாலிலிருந்து ஒரு முடிக்கொத்து வழவழவென்று எட்டிப் பார்த்தது. முந்தின நாள் மாலைதான் அந்தத் தொட்டியில் கழுத்தளவு தண்ணீரில் படுத்துக் கிடந்திருந்தேன். விடுதிக்கார அம்மாவின் கண் முன்னாலேயே வாந்தி எடுத்தேன். மாந்தோவாவில் கட்டிலுக்கடியில் கரப்பான்கள். ஒன்றல்ல, மூன்று.

துலியோ கத்த மாட்டான். மற்றவர்கள் குரலை உயர்த்தும் இடத்தில் இவன் தாழ்த்துவான். விடுதிக்காரரை அறைக்கு வரவழைத்து, ஒரு விரலால் இடத்தைக் காட்டிவிட்டு, சும்மா நிற்பான். அவர்களுக்குக் காது சிவக்கும். கையைத் துணியில் துடைத்துக்கொள்வார்கள், துடைக்க ஒன்றுமே இல்லாவிட்டாலும். கடைசியில் இவன் சொல்வான், "நான் வெளிய யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." அதோடு அறை வாடகை கேட்க யாருக்கும் வாய் வராது.

மூன்று வருடத்தில் நான் வேறு ஆளாகிவிட்டேன். வீட்டிலிருந்தே விரிப்பும் தலையணை உறையும் கொண்டுபோவேன். விடுதிக்குள் காலுறையைக் கழற்ற மாட்டேன். உணவகத்தில் முள்கரண்டியைப் பாவாடையில் துடைப்பேன். கோபுரம், ஓவியம், சிலை ஒன்றும் மனதில் தங்கவில்லை. நுழைவுச் சீட்டுக் கொடுக்கிறவளின் நகத்தில் அழுக்கிருக்கிறதா என்றுதான் கண் போகும். உலகமே அசிங்கம் பிடித்தது என்று எனக்கு ஆகிவிட்டது.

போன அக்டோபரில் லூக்காவுக்குப் போனோம். கோட்டை மதிலை ஒட்டின சந்தில் ஐந்து அறை கொண்ட சின்ன விடுதி. செவெரினா என்கிற ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி நடத்தினாள். அறைகளைச் சுத்தம் செய்வது அவள் தம்பி ஃபௌஸ்தோ. மாடு மாதிரி உடம்பு. ஆனால் தரைக்கல்லின் இடுக்குகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருப்பான்.

"இவன் தேய்க்கிற தேய்ப்புல கல்லுல இருக்கற பூ டிசைனே போயிடுச்சு, சிஞ்ஞோரா," என்றாள் செவெரினா முதல் நாளே. "எங்கம்மா காலத்துல சிவப்புப் பூ. இப்ப பாருங்க, வெறும் வெள்ளை."

"பூ போனா போகட்டும்," என்றான் அவன் தலையைத் தூக்காமல். "அழுக்குன்னு ஒருத்தன் வாய் தொறக்க முடியாதுல்ல?"

"கல்யாணம் பண்ணியிருந்தா பொண்டாட்டியையும் பிரஷ் போட்டுத் தேச்சிருப்பான்."

நான் சிரித்துவிட்டேன். விடுதியில் நான் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. விரிப்பில் வெயிலின் மணம் இருந்தது. குளியலறைக் குழாயில் முகம் தெரிந்தது. இரண்டாம் நாள் நான் கொண்டுவந்த விரிப்பை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு அவர்கள் விரிப்பிலேயே படுத்தேன், வெறுங்காலோடு. காலையில் செவெரினா கஷ்கொட்டை மாவில் சுட்ட கேக்கைக் கையாலேயே பிய்த்துக் கொடுத்தாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். துலியோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் காலை மதில்மேல் நடக்கலாம் என்று புறப்பட்டோம். வாசலில் அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். "நீ முன்னாடி போ, ஒர்னெல்லா. தைலம் தடவிட்டு வரேன்." நான் போனேன். மதில் மேலே மரங்களுக்கு நடுவில் ஒரு அரை மைல் நடந்திருப்பேன். லூக்கா மழை கேட்டுக்கொண்டா வரும்? சடசடவென்று பிடித்துக்கொண்டது. திரும்பி ஓடி வந்து, தொப்பலாக நனைந்து, அறைக் கதவைத் தள்ளினேன்.

துலியோ கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். கையில் என் புருவம் பிடுங்கும் இடுக்கி. விரிப்பின் மேல் தொண்டை மாத்திரை டப்பா திறந்து கிடந்தது. உள்ளே பஞ்சு. பஞ்சின் மேல் காய்ந்த கரப்பான்கள், கால்களை மார்பில் மடக்கி, வரிசையாக. ஓரத்தில் ஒரு சின்னக் கண்ணாடித்தாள் பையில் சுருட்டின முடி. நரைத்த முடி, நுனியில் மட்டும் செம்பு நிறம். அந்தச் செம்பு நிறம் நான் கடை கடையாக ஏறி வாங்கிப் பூசின சாயம். அது என் தலைமுடி.

"கதவச் சாத்து," என்றான்.

"என்னது இது?"

"உனக்குத் தெரிய வேணாம்னுதான் இருந்தேன். உன் முகம் நிஜமா இருந்தாத்தான் அவங்க நம்புவாங்க." ஏதோ பாராட்டுவது போல மெதுவாகச் சொன்னான். "ஒர்வியேத்தோல நீ வாந்தி எடுத்தியே, அந்தம்மா முகத்தப் பாத்தியா? அதுக்கப்புறம் நான் ஒரு வார்த்தை பேச வேண்டி வரல."

"அந்த முடி..."

"உன் சீப்புல இருந்ததுதான். கொஞ்சம் சோப்புத் தண்ணியில ஊற வச்சேன்."

"ரவென்னாவுல நகம்?"

"என்னோடது."

என் கன்னம் தானாகக் கூசியது. "எதுக்குடா? ரூமுக்குக் குடுக்க நம்மகிட்ட இல்லையா?"

"காசா? சீ," என்றான். நிஜமாகவே மனம் நொந்த மாதிரி இருந்தது அவன் முகம். "முப்பத்திரண்டு வருஷம் ஊர்ல இருக்கறவன் சொன்ன பொய்யெல்லாம் நான் நின்னு கேட்டேன். கண்ணப் பாத்துச் சொல்லுவானுங்க. இப்ப நான் சொல்றேன், அவங்க நின்னு கேக்கறாங்க. அது நல்லா இருக்கு, ஒர்னெல்லா. உனக்குப் புரியாது."

அதற்குள் கதவு தட்டும் சத்தம். துலியோ டப்பாவைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டே கதவைத் திறந்து, துவைத்த துண்டுகளோடு நின்ற ஃபௌஸ்தோவிடம் அந்தத் தாழ்ந்த குரலில் சொன்னான், "உங்க அக்காவக் கொஞ்சம் வரச் சொல்லுங்க."

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். தலைமுடியைத் தொடக்கூட அருவருப்பாக இருந்தது.

கதவிடுக்கில் எல்லாம் தெரிந்தது. செவெரினா அடுப்படி மேலங்கியோடு, மாவுக் கையில் ஒரு ஈரத்துணியோடு வந்தாள், பின்னால் ஃபௌஸ்தோ. நான் வருமுன்பே அடியில் போட்டு வைத்திருந்த இரண்டு கரப்பானை நோக்கித் துலியோ விரலைக் காட்டினான். அவள் மண்டியிட்டுத் தலையைக் கட்டிலுக்கடியில் நுழைத்தாள். வெளியே எடுத்தபோது காது சிவந்திருந்தது.

"டேய், நேத்து கட்டில நகத்திப் பெருக்கினியா?"

"பெருக்கினேன்க்கா. சத்தியமா."

"அப்ப இது என்னடா? வானத்துலேர்ந்து விழுந்துச்சா?"

"எனக்குத் தெரியலக்கா. நான் நகத்தினேன்."

"பொய் சொல்லாதடா, பன்னி!" கையிலிருந்த ஈரத்துணியால் அவன் முகத்தில் ஓங்கி ஒரு அடி. அவ்வளவு பெரிய ஆள், கையைக்கூடத் தூக்கவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டான்.

துலியோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து நின்றான். அடுப்பிலிருந்து இறக்கின சாற்றை ருசி பார்க்கிறவன் முகம் மாதிரி இருந்தது. உதடு ஈரமாக இருந்தது. அந்த உதடு ஒவ்வொரு காலையும் என் நெற்றியில் பட்டது. நாற்பத்தோரு வருடம். "நான் வெளிய யார்கிட்டயும்..." என்று அவன் ஆரம்பித்தான்.

நான் வெளியே வந்தேன். "அத இவன்தான் கொண்டுவந்தான். சட்டைப்பையில டப்பா இருக்கு."

துலியோ சிரித்தான். "மழையில நனைஞ்சுட்டா. காய்ச்சல்."

நானே அவன் பைக்குள் கையை விட்டு இழுத்தேன். டப்பா வாய் பிளந்தது. பஞ்சு, கரப்பான்கள், என் முடி எல்லாம் அந்த வெள்ளை விரிப்பில் கொட்டின. ஒரு கரப்பானின் கால் உடைந்து என் விரலில் ஒட்டிக்கொண்டது. உதறினேன், போகவில்லை. பாவாடையில் தேய்த்தேன்.

ஃபௌஸ்தோ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். செவெரினா துலியோவைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னைத்தான் கேட்டாள்.

"எத்தனை வருஷமா?"

"மூணு. எனக்குத் தெரியாது, செவெரினா. இப்பத்தான் பாத்தேன்."

"இப்பன்னா எப்ப?"

நான் குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான் என் தம்பிய அடிச்சப்போ நீங்க உள்ள நின்னுட்டிருந்தீங்க. தெரிஞ்சுதானே நின்னீங்க?"

"ஆமா."

"அப்ப கிளம்புங்க. ரெண்டு பேரும்." பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாள், "என் கையால கேக்கு குடுத்தேன் உங்களுக்கு."

மன்னிப்புக் கேட்கலாம் என்று ஃபௌஸ்தோவிடம் கையை நீட்டினேன். அவன் என் கையைப் பார்த்தான். தன் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். கோபத்தில் இல்லை. ஒட்டிக்கொள்ளும் என்கிற பயத்தில். செவெரினா ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு விரிப்பை நான்கு மூலையும் சேர்த்துச் சுருட்டினாள். நாங்கள் படி இறங்கி முடிப்பதற்குள் மேலே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

ஃபுளோரன்ஸில் ரயில் மாற வேண்டும். மேடையில் என்னை உட்காரவைத்துவிட்டு துலியோ இரண்டு காபி வாங்கி வந்தான். எனக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை போட்டுக் கலக்கியும் வைத்திருந்தான். கோப்பையைப் பிடித்திருந்த அவன் நகங்களைப் பார்த்தேன். ஒழுங்காக, சுத்தமாக வெட்டியிருந்தான். எங்கே வெட்டினான், எதில் சேர்த்து வைத்தான் என்று யோசனை ஓடியது. கோப்பையை அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டேன்.

"செத்த கரப்பானுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றான்.

நான் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டேன்.

கிரெமோனாவில் இறங்கினதும் நான் வீட்டுக்குப் போகவில்லை. பியாச்சென்சாவில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போனேன். மறுநாளே முடியை ஒட்ட வெட்டிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து, தங்கியிருந்த இடங்களுக்கெல்லாம் ஃபோன் போட்டேன். ரவென்னாவில் அந்த விடுதியை மூடிவிட்டார்கள். ஒர்வியேத்தோ அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு ஃபோனை வைத்துவிட்டாள். மாந்தோவாக்காரருக்கு நன்றாக நினைவிருந்தது.

"மூணு கரப்பான்தானே? அன்னிக்கே ரூம் பெருக்கற வியோரிகாவ வேலைய விட்டு அனுப்பிட்டேன். மோல்தோவாக்காரி. ஆறு வருஷம் எங்கிட்ட வேலை பாத்தா."

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? நம்பர மாத்திட்டா. ஏன் கேக்கறீங்க?"

சொன்னேன்.

"அவ என் கால்ல விழாத குறையா அழுதா, சிஞ்ஞோரா," என்றார். "கட்டிலுக்கடியில ஒரு தூசு இல்லன்னு சொன்னா. இத இப்ப எங்கிட்ட சொல்லி நான் என்ன பண்றது?"

அந்த ஊரில் அவளைத் தெரிந்தவர் யாராவது இருப்பார்களா என்று இரண்டு தடவை போய் விசாரித்தேன். ஒரு துவைக்கிற கடையில் மட்டும், அவள் மகளோடு ஜெர்மனிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நிச்சயமில்லை.

துலியோ வாரம் ஒரு முறை செய்தி அனுப்புவான். சாப்பிட்டாயா, கால் வலி எப்படி, எப்போது வருகிறாய். நான் பதில் போட்டதில்லை. ஏப்ரலில் ஒரு படம் வந்தது. ஜன்னல், அதற்கு வெளியே சரிவில் உர்பினோவின் செங்கல் கூரைகள், ஜன்னல் விளிம்பில் விடுதியின் அட்டை. கீழே எழுதியிருந்தான்: "ரூம் ரொம்ப சுத்தம். நேத்துதான் வந்தேன். நீயும் வந்திருக்கலாம்."

படத்தைப் பெரிதாக்கி அட்டையில் இருந்த எண்ணைப் படித்தேன். தங்கை சமையலறையிலிருந்து, "யாருக்குடி காலங்காத்தால?" என்றாள். நான் எண்களை அழுத்தினேன். ஒரு இளம்பெண் எடுத்தாள். குரலில் அவ்வளவு உற்சாகம். துலியோவின் முழுப் பெயர், சட்டைப்பையில் இருக்கும் டப்பா, நாளைக் காலை அவன் பேசப்போகும் குரல் எல்லாவற்றையும் சொன்னேன். ரூமைச் சுத்தம் செய்கிறவர் யாராக இருந்தாலும் அவரைத் திட்டாதீர்கள் என்றும் சொன்னேன்.

"நான்தான் சுத்தம் பண்றேன்," என்றாள் அவள். குரலில் இருந்த உற்சாகம் போய்விட்டது. "நீங்க யாரு?"

"அவன் பொண்டாட்டி."

"சீ," என்றாள்.

யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே மாடிப்படி ஏறும் சத்தம் ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தது.