யாரூட்டு அம்மணி நீ?

1

இந்தக் கதை பிறந்தது சரவணம்பட்டியில், ஏசி அறையில், முந்திரி போட்ட கேசரியோடு. ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வளரிளம் பெண்களுக்கான நலச் சேவைகளை மேம்படுத்தும் கருத்தரங்கு. மேடையில் வளரிளம் பெண் ஒருத்திகூட இல்லை. திட்ட அலுவலர் நவநீத் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க சார், கையேட்டுல போட ஒரு கதை வேணுங்க. புள்ள பயந்துக்கிட்டு வருது, சிரிச்சுக்கிட்டுப் போகுது. அவ்வளவுதானுங்க."

சரி என்றேன். கேசரி நன்றாக இருந்தது.

2

முதல் தொடக்கம்: 'பனி படர்ந்த நீலகிரி அடிவாரத்தில் பட்டாம்பூச்சியாய்ப் பறந்து திரிந்த மதிவதனி...'

(அடித்துவிட்டேன். பதினெட்டு நாளாக ரத்தம் போகிற பெண் எங்கே பறப்பாள்?)

இரண்டாவது: மதிவதனிக்குப் பதினாறு வயது, பிளஸ் ஒன். பதினெட்டு நாளாக மாதவிலக்கு நிற்கவில்லை. படி ஏறினால் கண் இருட்டுகிறது. வீட்டில் சொல்லவில்லை. அக்காவுக்கு இப்படி வந்தபோது, ஊர் வாயில் விழுவதற்குள் என்று அப்பா மயில்சாமி படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிட்டார். இவளுக்குப் படிக்க வேண்டும்.

இது இருக்கட்டும்.

3

காரமடை தாண்டி ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். (பெயர் சொல்லமாட்டேன். எல்லாம் கற்பனை என்று சொல்லித் தப்பிக்க வசதி.) வளரிளம் பெண்களுக்குப் புதன்கிழமை மட்டும், பத்து முதல் ஒன்று வரை. அதாவது பள்ளிக்கூடம் நடக்கிற நேரம். சுவரில் 'இங்கு ரகசியம் காக்கப்படும்' என்று புதுப் பலகை.*

*பலகைக்குத் திறப்பு விழா நடந்தது, பொன்னாடை உண்டு. டாக்டர் அறைக்குக் கதவு மட்டும் இன்னும் வரவில்லை.

'செவிலியர் ராமாமணி கடுகடுத்த முகத்தோடு அவளை—'

வரவில்லை. எத்தனை முயன்றும் அவரைக் கெட்டவராக எழுத முடியவில்லை. ராமாமணி தங்கமான மனுஷி. வம்பே அதுதான்.

"வா கண்ணு, உக்காரு. யாரூட்டு அம்மணி நீ?"

கொங்கு நாட்டில் யார் வீட்டுப் பெண் என்று கேட்காமல் நாங்கள் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை. இதற்குப் பாசம் என்று பெயர். பெஞ்சில் இருந்த பதினோரு பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். மதிவதனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அட, பாக்கு மண்டி மயில்சாமியண்ணன் சாடை தெரியுதே! இரு கண்ணு, தனியா வந்திருக்கறீன்னு அண்ணனுக்கு ஒரு போனப் போட்டுச் சொல்லிப்போடறேன்."

"வேண்டாங்கக்கா! வெறும் தலைவலிங்க. மாத்திரை குடுத்தாப் போதுங்க."

ராமாமணி போனை வைத்துவிட்டு, அன்போடு தலைவலி மாத்திரை கொடுத்தார். பதிவேட்டில் 'பயனடைந்தவர் ஒருவர்' என்று ஏறியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதிவதனி எழுந்தாள். தலை சுற்றியது. மறுபடி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

4

முடிவு ஒன்று, நவநீத்துக்கு: டாக்டரம்மாவே எழுந்து வந்து விசாரிக்கிறார், மதிவதனி சிரித்துக்கொண்டு போகிறாள். வண்ணப் படத்தோடு அச்சிடலாம்.

முடிவு இரண்டு, இலக்கியவாதிகளுக்கு: திரும்பிப் போகிற பஸ்ஸில் அவள்— மாட்டேன். செத்தால்தான் உங்களுக்கு இரக்கம் சுரக்கும் என்று தெரியும். அதற்காக ஒரு பிள்ளையைக் கொல்ல எனக்கு மனசில்லை.

மூன்றாவதை நான் எழுதப்போவதில்லை. பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நீங்கள். சீருடையில் கறை பரவுவதை முதலில் பார்த்ததும் நீங்கள்தான். டாக்டர் அறை பத்தடி தூரம். மயில்சாமியின் நம்பரும் உங்களிடம் இருக்கிறது. அவள் உங்கள் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்கிறாள்.

"ஏனுங்க, ஆருகிட்டயும் சொல்லாம என்னைய உள்ள கூட்டிட்டுப் போறீங்களா?"

மணி பன்னிரண்டு ஐம்பது. என்னைப் பார்க்காதீர்கள், உங்களைத்தான் கேட்கிறாள்.