விண்ணப்பத்தின் பதினேழாம் கேள்வி

இதை எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளி அலுவலகமொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக எழுத்தராக இருக்கிறேன். மாற்றுச் சான்றிதழும் வருகைப் பதிவேடும் தவிர வேறெதையும் எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்த வரிசையில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். அதுவரை வாசிப்பவர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் அண்ணன் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். நாங்கள் குடியிருக்கும் நான்கு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்த அறைதான் அவருடைய கடை. அதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் நெசவாலையின் தறிக்கூடத்தில் வேலை பார்த்தார். அந்த இரைச்சல் அவருடைய காதுகளைத் தின்றுவிட்டது. எதிரே நின்று பேசினால் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார். முதுகுக்குப் பின்னால் இடியே விழுந்தாலும் அவருக்குத் தெரியாது.

அவருக்குக் காதாக இருந்தது மேஸ்திரி. ஆறு வயது நிறைந்த பழுப்பு நிற நாய். அண்ணன் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டு வேலை செய்யும்போதெல்லாம் அருகில் கால்களை அகட்டி நின்று மேற்பார்வை பார்க்கும். அதனால் வந்த பெயர் அது. கடை வாசலில் ஆள் வந்தால் அண்ணனின் முழங்காலில் முன்னங்காலை வைக்கும். அடுப்பில் பாத்திரம் பொங்கினால் அவருடைய கால்சட்டையைப் பல்லால் பிடித்து இழுக்கும். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

இந்நிலையில்தான் வளர்ப்புப் பிராணிகளுக்கான புதிய விதிகளை நகராட்சி வெளியிட்டது. முப்பது நாட்களுக்குள் ஒவ்வொரு பிராணியையும் பதிவு செய்ய வேண்டும். விதிப்புத்தகம் நாற்பத்தெட்டுப் பக்கம். நான் அதை மூன்று நாட்களில், முக்கியமான இடங்களில் பென்சிலால் கோடிட்டுப் படித்து முடித்தேன்.

"என்ன வக்கீலம்மா, கேஸ் நம்ம பக்கம் நிக்குதா?" என்று அண்ணன் கேட்டார். தமக்குக் கேட்காததால் எப்போதும் சற்று உரக்கத்தான் பேசுவார்.

"நிக்குதுண்ணா. வீட்டுக்கு ரெண்டு பிராணி வரைக்கும் வெச்சிக்கலாம். வருஷா வருஷம் ஊசி போடணும். வெளிய கூட்டிட்டுப் போனா கயிறு கட்டாயம்."

"மேஸ்திரிக்கே கயிறா? மனுஷன் வேலைய விட்டுட்டுப் போயிடப் போறாரு."

"உடல் குறை உள்ளவங்களுக்கு உதவுற நாய்க்குத் தனிச் சலுகை இருக்கு. ஆனா பயிற்சிப் பள்ளி சான்றிதழ் கேக்கறாங்க."

"நான் எட்டாங்கிளாஸ். அவன் மழைக்குக்கூட பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கினதில்ல. குடும்பத்துல படிச்சவ நீ ஒருத்திதான். நீயே எழுதிடு."

எழுதினேன். பெயர், நிறம், எடை, தடுப்பூசி நாள் எல்லாம் சுலபமாக முடிந்தன. பதினேழாவது கேள்வி இது: "இப்பிராணியால் எப்போதேனும் எவருக்கேனும் காயம் ஏற்பட்டதுண்டா? ஆம் எனில் விவரம் தருக."

மூன்று ஆண்டுகளுக்கு முன், நான் நீட்டிய ரொட்டித் துண்டை மேஸ்திரி அவசரமாக வாங்கியபோது என் மோதிர விரலில் பல் பட்டுவிட்டது. இரண்டு நாட்களில் ஆறிவிட்டது. "ஆம். ஒரு முறை. வலக்கை மோதிர விரலில் அரை அங்குலக் கீறல். தவறு என்னுடையதே" என்று எழுதினேன். காயம் ஏற்படுத்திய பிராணி அடுக்குமாடிக் கட்டடத்தில் இருக்கக் கூடாது என்ற முப்பத்தொன்றாம் விதியை நான் படித்திருந்தேன். விளக்கமாக எழுதினால் படிப்பவர்களுக்குப் புரியும் என்றுதான் நினைத்தேன்.

அண்ணன் படிக்காமலே கையெழுத்திட்டார். நான் எழுதியதை அவர் என்றைக்குமே சரிபார்த்ததில்லை.

விண்ணப்பம் கொடுத்த ஒன்பதாம் நாள் காலையில் நகராட்சி வண்டி வந்தது. இருவர் இறங்கினர். வாசலில் ஆள் வந்திருக்கிறதென்று மேஸ்திரிதான் அண்ணனுக்குச் சொன்னது. பிறகு வண்டி பழுதாகி வந்திருப்பதாக எண்ணியதோ என்னவோ, சக்கரத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தானாகவே உள்ளே ஏறியது. அதன் பிறகுதான் கதவை மூடினார்கள்.

அவர்கள் கொடுத்த தாளை அண்ணன் இரண்டு முறை படித்தார். ஏழாம் நாள் காலைக்குள் நகர எல்லைக்கு வெளியே உள்ள ஒருவர் ஏற்றுக்கொள்ளாவிட்டால் ஊசி மூலம் உயிர் நீக்கப்படும் என்று அதில் இருந்தது.

"இத ஏன் எழுதின?" என்று மட்டும் கேட்டார்.

முதல் மாடியில் குடியிருக்கும் நர்ஸ் அக்கா கேள்விப்பட்டு இறங்கி வந்தார். "அடிப் பாவி, எங்க வீட்டு நாய் கடிச்ச மூணு பேருக்கு ஊசி போட்டதே நான்தான். நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'இல்லை.' அவ்வளவுதான். உன் படிப்ப எங்க கொண்டு போய்க் கொட்ட?"

மறுநாள் நகராட்சி அலுவலகம் சென்றேன். பிராணிப் பிரிவின் அலுவலர் கடுமையானவர் அல்லர். விண்ணப்பத்தைத் தேடி எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"யாரும்மா இத எழுதினது?"

"நான்தாங்கய்யா."

"எதுக்கு எழுதினீங்க?"

"கேட்டிருந்தாங்கய்யா."

"கேப்பாங்கம்மா. கேட்டா அளவெடுத்தா சொல்லுவாங்க, அரை அங்குலம்னு?"

"காயம் பட்டது எனக்குத்தான். எனக்குப் புகார் இல்லன்னு எழுதிக் குடுக்கறேன்."

"ஒரே வீட்டு ஆள் சொல்றது செல்லாது. முப்பத்தஞ்சாவது விதியப் பாருங்க."

பார்த்தேன். அதிலும் என் பென்சில் கோடு இருந்தது.

நகர எல்லைக்கு வெளியே ஆள் கிடைத்தது. ஆலையில் அண்ணனோடு தறி ஓட்டிய ஒருவர் இப்போது பால்பண்ணை வைத்திருக்கிறார். "அனுப்புடா, மாடுங்களுக்கு ஒரு மேஸ்திரி வேணும்தான். வாராவாரம் வந்து பாத்துக்க" என்றார். ஒப்புதல் கடிதமும் வீட்டு வரி ரசீதும் தந்தார். அலைந்து சேர்ப்பதற்குள் ஆறாம் நாள் வந்துவிட்டது. ஏழாம் நாள் அலுவலகத்துக்கு விடுமுறை. மேஸ்திரியை அடைத்து வைத்திருந்த காப்பகத்துக்கு விடுமுறை இல்லை.

உரிமையாளர் நேரில் கையெழுத்திட வேண்டுமென்பதால் அண்ணனும் வந்தார். எங்கள் டோக்கன் ஐம்பத்தெட்டு. எண் காட்டும் பலகை கெட்டுப்போய், அதன்மேல் தாள் ஒட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கியில்தான் கூப்பிட்டார்கள். நாற்பத்தேழு ஓடிக்கொண்டிருந்தபோது, வரி ரசீதுக்கு இரண்டு நகல் வேண்டுமென்று தெரிந்தது. என்னிடம் இருந்தது ஒன்று.

அண்ணனைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் புறப்பட்டேன். அவருக்குக் காது கேட்காது என்று கவுண்ட்டரில் சொல்லிவிட்டுப் போகத்தான் நினைத்தேன். அருகில் போய் நிற்கவும் செய்தேன். அலுவலர் ஏதோ கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் நால்வர் நின்றிருந்தனர். இடையில் புகுந்து தொந்தரவு செய்வது சரியல்ல என்று திரும்பிவிட்டேன். நகல் எடுக்கும் கடையிலும் கூட்டம். என் பின்னால் நின்ற பெரியவர் ஒரே ஒரு தாள்தான் என்றார். அவரை முன்னால் விட்டேன்.

திரும்பி வந்தபோது கவுண்ட்டர் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கூடத்தில் அண்ணன் மட்டும் டோக்கனைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "இன்னும் கூப்பிடல. நீ டயத்துக்கு வந்துட்ட" என்று அந்தக் கூடம் அதிரச் சொன்னார்.

"அம்பத்தெட்ட மூணு தடவ கூப்பிட்டேனேம்மா" என்றார் அலுவலர்.

"ஐயா, அவருக்குக் காது கேக்காதுங்க."

அவர் பையை மாட்டிய கையோடு நின்றார். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நானே எழுந்து வந்திருப்பேனே. கம்ப்யூட்டரெல்லாம் பூட்டிட்டுப் போயாச்சும்மா. காப்பகத்துக்குப் போன் போட்டுப் பாக்கறேன்."

போட்டார். யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் முதல் பேருந்தைப் பிடித்தோம். காப்பகம் நகரின் மறுகோடியில், குப்பைக் கிடங்கைத் தாண்டி இருக்கிறது. ஒன்பதே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். காவலாளி பதிவேட்டில் விரலை ஓட்டி, "ஒம்பது மணிக்கே முடிஞ்சிருச்சுங்க" என்றார். அவர் குனிந்தபடி சொன்னதால் அண்ணனுக்கு விளங்கவில்லை. "என்ன சொல்றாரு?" என்று என்னைக் கேட்டார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பேருந்து நிறுத்தத்தில் அண்ணன் கேட்டார்: "எனக்குக் கேக்காதுன்னு அங்க ஏன் சொல்லல?"

"அவங்க வேலையா இருந்தாங்கண்ணா. தொந்தரவு பண்ண வேணாம்னு…"

நான் முடிக்கும்வரை என் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இழந்தவற்றை எழுதி முடித்துக்கொள்கிறேன். ஆறு வயது நாய் ஒன்று. அடிப்பக்கம் கருகித் தூக்கியெறிந்த பாத்திரங்கள் இரண்டு. வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன வாடிக்கையாளர்கள், எனக்குத் தெரிந்தவரை, இம்மாதம் பதினொரு பேர். சாப்பிடும்போது அண்ணன் இப்போது சுவரைப் பார்த்து உட்காருகிறார். ஆகையால் அவரோடு நான் பேசக்கூடிய பேச்சு, முழுவதும்.