கழித்துப் போட்ட மூன்று செடிகள்

முப்பது வருடமாக எச்சிஸென் கடலோரச் சரிவில் சுய்சென் வெட்டுகிறேன். பனிக்காலத்தில் பூக்கும் அந்த வெள்ளைப் பூ சந்தைக்குப் போக வேண்டுமானால் தண்டும் இலையும் நேராக இருக்க வேண்டும். கோணலானவற்றைக் கழித்துப் போடுவேன். எனக்குத் தெரிந்த பூ சாஸ்திரம் அவ்வளவுதான்.

என் மனைவி கிமியே ஒன்பது வருடமாகப் பூ அமைக்கும் வகுப்புக்குப் போகிறாள். இந்த ஜனவரியில்தான் நகரக் கண்காட்சியில் முதன்முதலாக அவளுக்கு ஒரு மேசை கொடுத்தார்கள். கண்காட்சி திறப்பதற்கு முந்தின நாள் மாலை ஐந்து மணிக்குள் பூவை வைத்து முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மேசையை எடுத்துவிடுவார்கள். ஒரு வாரமாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

சரிவில் ஏறி, நல்ல செடிகளாக ஆறைத் தானே பொறுக்கி எடுத்திருந்தாள். கண்காட்சிக் கூடத்தில் அவள் மேசைக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தபோது நான் வாளியைப் பார்த்தேன். அடியெல்லாம் சேறு. சும்மா இருக்க முடியாமல் ஆறு செடிகளின் அடியையும் சமமாக நறுக்கி, கழுவி, பளிச்சென்று கொண்டுபோய் வைத்தேன்.

"ஏங்க, அடியில இருந்த வெள்ளை உறை எங்க?"

"சேறா இருந்துச்சு, வெட்டிட்டேன். இப்ப எவ்வளவு லட்சணமா இருக்கு பாரு!"

அவள் திட்டியிருந்தால் தேவலை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த உறைதாங்க நாலு இலையையும் பூவையும் சேர்த்துப் பிடிக்கும். அது இல்லாம இது வெறும் புல்லு."

"உங்க வீட்டுக்காரர் வெங்காயத்தாள்னு நெனச்சுட்டார் போல," என்று பக்கத்து மேசை ஹமாசாகி அம்மாள் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

மணி மூன்றரை. சரிவுக்குப் போய்த் திரும்ப இரண்டரை மணி நேரம் ஆகும். அப்போதுதான் வெளியே நின்ற என் வண்டி ஞாபகம் வந்தது. காலையில் நான் கழித்துப் போட்ட மூன்று செடிகள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

"எல்லாம் கோணலும்மா."

"கொண்டாங்க இப்படி."

வெள்ளை உறையை இரண்டு விரலுக்கு நடுவில் மெல்ல உருட்டித் தளர்த்தினாள். முதலில் பூத்தண்டை உருவினாள். பிறகு இலைகளை ஒவ்வொன்றாக. கடைசியில் வெங்காயத்தோல் போல ஒரு சின்ன வளையம் மிஞ்சியது.

"கையை நீட்டுங்க. அமுக்காதீங்க. மூச்சுகூட மெதுவா விடுங்க."

"கிழிஞ்சா?"

"கிழிஞ்சா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

லட்சக்கணக்கான தண்டுகளை வெட்டிய கை அது. அதில் அந்த வளையத்தை ஏந்தி நின்றேன். அவள் இலைகளை விரலால் நீவினாள். ஒவ்வொன்றும் அவள் சொன்ன இடத்தில் வளைந்தது. நுனியில் கடல்காற்று போட்டிருந்த வளைவை மட்டும் தொடவில்லை. என் உள்ளங்கையிலிருந்த உறையை நனைத்து, இலைகளையும் நடுவில் பூவையும் திரும்பச் செருகினாள். ஒரு கீறல்கூட விழவில்லை. மூன்று செடிக்கும் அப்படியே. ஹமாசாகி அம்மாள் தன் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வெண்கலத் தட்டில் நிறுத்திவிட்டு விலகினாள்.

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். மூன்றே மூன்று செடிகள், கொஞ்சம் தண்ணீர். ஆனால் எங்கள் சரிவில் அடிக்கும் காற்று அந்த மேசையின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. முப்பது வருடம் அந்தக் காற்றில் நின்றிருக்கிறேன். ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

மறுநாள் எங்கள் பூச்சந்தையில் ஏலம் விடும் கவாபாதா வந்தார். அந்த மேசையை விட்டு அவர் நகரவே இல்லை.

"இந்த மாதிரி சுய்சென் எங்கம்மா விளையுது? நம்ம சந்தைக்கு ஒண்ணுகூட வரலியே!"

"இவரைக் கேளுங்க," என்றாள் கிமியே என்னைக் காட்டி. "தினமும் தூக்கிப் போடுறவர் இவர்தான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். சரிவுக்குக் கீழே நான் முப்பது வருடமாக நிரப்பிய குப்பைக்குழி கண்முன் வந்து நின்றது.